இன்னும் ஒரு நாள் தண்ணீர்

நாவற்குடா
ஜூன் 2

புளியடி வட்டையின் வட்டவிதானை அஜந்தா அவர்களுக்கு,

தங்கச்சி என்று தொடங்க மனம் வரவில்லை. அதனால் பதவியைப் போட்டு எழுதுகிறேன்.

விதைப்புக்கு முன்னால் வயல்காரர் எல்லோரும் கூடிய கன்னக் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தோம்? குளத்தில் தண்ணீர் குறைவு, ஆகவே இந்தச் சிறுபோகத்தில் ஒவ்வொரு வயலுக்கும் முறைக்கு மூன்று நாள், தலைமடை கடைமடை என்ற பேதம் இல்லை. வட்டை வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் விதானையாக அதை வாசித்ததே நீதான். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் என் மடையை நீயே வந்து பூட்டியிருக்கிறாய். என் வயலைப் பார்க்கும் சுதாகரன் போனில் சொன்னான்: "தங்கச்சி வந்தா, ஒரு சொல்லும் பறையல்ல, பலகையைப் போட்டுட்டுப் போயிற்றா." நாலு பேர் வரம்பில் நின்று பார்த்தார்களாம். அவர்கள் சிரித்தார்களா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

எனக்கு வரவேண்டிய மூன்றாம் நாள் எங்கே போனது? வட்டவிதானையிடம் ஒரு வயல்காரன் கேட்கும் கேள்வி இது. எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் வேண்டும்.

போனில் கூப்பிடாதே. உன் இலக்கத்தைத் தடுத்து வைத்திருக்கிறேன். போனில் நான் கத்துவேன், நீ அழமாட்டாய், அதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம் ஏறும். பதில் இருந்தால் உன்னிச்சை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் கடையைத் தெரியாத கொண்டக்டர் இல்லை.

ஜெயரூபன்


உன்னிச்சை
ஜூன் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் வட்டவிதானை என்று எழுதினாலும் நான் அண்ணா என்றுதான் எழுதுவேன். அது கன்னக் கூட்டத்தில் எடுத்த முடிவு இல்லை.

உங்கள் மூன்றாம் நாள் இரத்தினம்மாவின் வயலுக்குப் போனது. கடைமடையில் கடைசி வயல், அவவுடையது. ஒளிக்க ஒன்றும் இல்லை.

முதல் நாள் உங்கள் மண் தண்ணீரைக் குடித்தது. இரண்டாம் நாள் வயல் நிறைந்து கணுக்கால் அளவுக்கு நின்றது. அன்று பின்னேரம் நான் வந்தபோது தண்ணீர் கீழ் வரம்புக்கு மேலால் வழிந்து கழிவு வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. சுதாகரன் நிழலில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் உங்களிடம் சொன்னாரா தெரியாது. மூன்றாம் நாளும் விட்டிருந்தால் உங்கள் நெல்லுக்கு என்ன கூடியிருக்கும்? ஒன்றுமில்லை. அதே வேளை இரத்தினம்மாவின் வயலில் நெல் குடலைப் பருவம். கதிர் உள்ளே உருவாகும் நேரம். வெடிப்புக்குள் என் கால்விரல் போனது. அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் கதிர் வெளியே வந்தும் பதராகத்தான் வரும்.

உங்கள் மூன்றாம் நாளும் அவவின் அந்த ஒரு நாளும் ஒரே குளத்துத் தண்ணீர். செய்கிற வேலை ஒன்றா, அண்ணா?

உயர்தரத்தில் பொருளியல் படித்தபோது எல்லைப் பயன், எல்லைச் செலவு என்று கோடு கீறிக் கீறிக் கை நொந்தது. அதில் இருந்த விஷயம் சின்னது. மொத்தம் எவ்வளவு என்று கேட்காமல், இன்னும் ஒன்று சேர்த்தால் என்ன வரும், என்ன போகும் என்று கேட்க வேண்டும். நீங்கள் அந்தப் பாடத்தைப் படிக்காமலே செய்கிறீர்கள். முன்பு கடையை எட்டு மணிவரை திறந்து வைத்திருந்தீர்கள். கடைசி மணித்தியாலத்தில் வருகிறவர்கள் ஆணி வாங்க வருவதில்லை, ஊர்க்கதை பேசத்தான் வருகிறார்கள், லைட் எரிகிறதுதான் மிச்சம் என்று சொல்லி ஏழு மணிக்குப் பூட்டத் தொடங்கினீர்கள். கடை நட்டத்தில் ஓடியதாலா பூட்டினீர்கள்? இல்லையே. அந்தக் கடைசி மணித்தியாலத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தீர்கள். நான் தண்ணீரில் செய்ததும் அதைத்தான்.

சொல்லாமல் பூட்டியது பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பூட்டியதற்குக் கேட்கமாட்டேன்.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அஜந்தா


நாவற்குடா
ஜூன் 9

அஜந்தா,

உன் கடிதத்தை நிருஷா இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அவ சொல்றது சரிதானே" என்றாள். வீடு அவளுடையது, சீதனமாக வந்தது, அதனால் அதற்கு மேல் நான் அங்கே வாய் திறக்கவில்லை. கடைக்கு வந்து இதை எழுதுகிறேன்.

என் கடையை உதாரணம் காட்டினாய். நானும் அதையே காட்டுகிறேன். சீமெந்துத் தட்டுப்பாடு வந்த காலம் உனக்கு நினைவிருக்கும். வரிசையில் நின்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு மூடை என்று கொடுத்தேன். முதல் நாள் ஒருவர் வந்தார், கூரைக்குத் தட்டுப் போட்டு அரைவாசியில் நிற்கிறது, இன்னும் ஒரு மூடை தந்தால்தான் முடியும் என்றார். அவருக்கு அந்த ஒரு மூடை மற்ற எவரையும்விடத் தேவைதான். கொடுத்தேன். அடுத்த நாள் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கூரை அரைவாசியில் நின்றது. கோழிக்கூடு கட்டுகிறவனுக்கும் கூரை அரைவாசியில்தான். அன்றைக்கு முறையை இறுக்கிப் பிடித்தேன், ஆளுக்கு ஒன்று, யார் அழுதாலும் ஒன்று.

யார் வயல் காய்கிறது என்று பார்த்து நீ தண்ணீர் கொடுக்கத் தொடங்கினால், வட்டையில் எல்லார் வயலும் காயும். வரம்பை ஒழுங்காகக் கட்டி வைக்கிறவன் மடையன், ஒழுக விடுகிறவன் கெட்டிக்காரன் என்று ஆகும். முறை என்பது மூளை இல்லாததுதான். அதனால்தான் அதை ஏமாற்ற முடியாது.

இன்னொன்று கேட்கிறேன். அன்று தலைமடையில் நிறைந்து வழிந்தது என் வயல் மட்டுமா? பக்கத்தில் அழகரத்தினத்தின் வயல் காய்ந்தா கிடந்தது? அவருடைய மடையில் நீ கை வைக்கவில்லை. வைத்தால் அவர் மண்வெட்டியோடு வருவார். அண்ணன் என்றால் சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டாய். உன் பொருளியலில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

அதுதான் எனக்கு நொந்தது. தண்ணீர் இல்லை.

ஜெயரூபன்


உன்னிச்சை
ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் எழுத உட்கார்ந்து, உங்கள் கடைசிக் கேள்வியில் வந்து நின்று, எழும்பிப் போனேன்.

ஓம், அண்ணா. உங்கள் மடை என்பதால்தான் கை துணிந்தது. அழகரத்தினத்தின் வயலிலும் தண்ணீர் மிச்சமாகத்தான் நின்றது. அவரோடு மல்லுக்கட்டப் பயம். உங்களிடம் எடுத்தால் சண்டை வீட்டுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டுச் சண்டை இலவசம் என்று எண்ணியது என் மடத்தனம். அது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலாகச் செலவாகிவிட்டது. அடுத்த முறையில் அழகரத்தினத்தின் மடையையும் பூட்டினேன். மண்வெட்டியோடுதான் வந்தார். மூன்றாம் நாள் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று கையைப் பிடித்துக் காட்டாத குறையாகக் காட்டினேன். "நீ பொம்பிளை, அதால விடுறன்" என்றார். "நான் விதானை, அதால பூட்டினனான்" என்றேன். போய்விட்டார். மனதில் வைத்திருப்பார்.

உங்கள் சீமெந்துக் கதையும் பலித்தது. கடைமடையில் ஒருவர், பெயர் எழுதமாட்டேன், வயல் காய்ந்துவிட்டது என்று வந்து நின்றார். போய்ப் பார்த்தேன். கீழ் வரம்பில் ஒரு வாய் திறந்து கிடந்தது. நண்டு துளைத்துவிட்டது என்றார். வெட்டு நேராக, பளபளவென்று இருந்தது. இந்த ஊர் நண்டு எப்போது மண்வெட்டி பிடிக்கப் பழகியது என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. முறையில் அவரைக் கடைசிக்குத் தள்ளினேன், காரணத்தை எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். இப்போது ஒவ்வொரு காலையும் வரம்பு வரம்பாக நடந்து, தண்ணீர் கேட்கிறவரின் வரம்பை முதலில் பார்க்கிறேன். இந்தச் செலவை நான் முதலில் எண்ணவே இல்லை. நீங்கள் சொல்லித்தான் எண்ணினேன். எண்ணிய பிறகும் பூட்டுவதை நிறுத்தமாட்டேன். இரத்தினம்மாவின் வயலைப் பார்த்தால் நீங்களும் நிறுத்தச் சொல்லமாட்டீர்கள். கதிர் முழுதாக வந்துவிட்டது.

அப்படி நடக்கும்போதுதான் உங்கள் வயலையும் பார்த்தேன். சுற்றிவர எல்லா வயலும் கதிர் தள்ளிவிட்டது. உங்களுடையது மட்டும் இன்னும் பச்சைப் புல்லாக நிற்கிறது. சுதாகரனிடம் கேட்டால் உரம் கூடிவிட்டது என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்கிறார்.

எல்லோரும் மூன்று மாத நெல் என்று கூட்டத்தில் கை தூக்கினோம். நீங்கள் என்ன விதைத்தீர்கள், அண்ணா?

அஜந்தா


நாவற்குடா
ஜூன் 28

அஜந்தா,

மூன்றரை மாத நெல். சிவப்பு.

ஏறாவூரில் ஆலை வைத்திருக்கும் அஹமட் அந்த நெல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் மூன்று மாதத்துக்குக் கை தூக்கிவிட்டு வந்து மூன்றரை மாதத்தை விதைக்கச் சொன்னேன். பதினைந்து நாள்தானே, எப்படியும் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். முறை முறை என்று உனக்கு எழுதிய கையும் இதுவேதான். நீ சிரிக்கலாம்.

குளத்துக் கதவை ஜூலை முதல் வாரத்தோடு பூட்டுவார்கள் என்று தெரியும். அப்போது மற்றவர்களின் நெல் பழுக்கத் தொடங்கிவிடும். என்னுடையது பால் பிடிக்கிற நேரம். ஒரு தண்ணீர் கிடைக்காவிட்டால் பாதி பதராகும் என்று சுதாகரன் சொல்கிறான்.

ஆகட்டும். நான் தண்ணீர் கேட்டு இதை எழுதவில்லை. நீ தராதே. தந்தால் அடுத்த போகத்தில் ஆளுக்கொரு நெல்லை விதைத்துவிட்டு உன் வாசலில் வந்து நிற்பார்கள். போதாததற்கு நான் உன் அண்ணன். அறுவடை முடிந்து நடக்கும் கூட்டத்தில் விதானைப் பதவிக்கு அழகரத்தினம் நிற்கப்போகிறாராம், கடையில் வந்து பேசிக்கொண்டார்கள். நீ என் மடையைத் திறந்தாய் என்றால் அவருக்கு அது போதும், வெல்ல வேறு எதுவும் தேவையில்லை.

காயட்டும். பிழை விட்டவன் நான்.

ஜெயரூபன்


உன்னிச்சை
ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சிரிக்கவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு வாய்க்கால் கரையில் நடந்து யோசித்தேன்.

சனிக்கிழமை குளத்துக் கதவைப் பூட்டுகிறார்கள். பூட்டிய பிறகும் வாய்க்காலில் ஒரு நாளுக்குக் காணும் தண்ணீர் நிற்கும். அது வேறு எவருக்கும் வேண்டாம். எல்லோரும் நெல் வெட்டும் மெசின் சேற்றில் புதையக்கூடாது என்று வயலை வடிய விட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மடையைத் திறக்காவிட்டால் அது ஆற்றுக்குப் போய் அங்கிருந்து வாவிக்குப் போகும். அந்த ஒரு நாளால் வேறு எவருக்கும் ஒரு மணி நெல்லும் கூடப்போவதில்லை. உங்களுக்குப் பாதி விளைச்சல். இரத்தினம்மாவுக்காக உங்கள் மடையைப் பூட்டியபோது இதே கேள்வியைத்தான் கேட்டேன். இப்போது பதில் உங்கள் பக்கம் விழுகிறது என்பதற்காகக் கேள்வியை மாற்ற என்னால் ஒண்ணாது.

நீங்கள் சொன்ன இரண்டு செலவும் உண்மை. ஒன்று, அடுத்த போகத்தில் ஆளுக்கொரு நெல். மற்றது, என் பதவி.

முதலாவதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். ஞாயிறு காலை எல்லோரையும் உங்கள் மடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வர வேண்டும். கூட்டத்தில் கை தூக்கிவிட்டு வேறு நெல் விதைத்ததை உங்கள் வாயால் சொல்ல வேண்டும். மாரிப்போகத்துக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து வெட்டும் வாய்க்காலில், குளத்தடியில் இருந்து புளியடி வரைக்கும் சேறு கூடிய துண்டை நீங்கள் தனியாக வெட்ட வேண்டும். சுதாகரனை அனுப்பக்கூடாது, கூலிக்கு ஆள் பிடிக்கக்கூடாது. முறை தவறினால் இதுதான் விலை என்று எல்லோரும் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வேறு நெல் விதைக்க ஆசைப்படுகிறவர் விதைக்கட்டும், எனக்கு வாய்க்கால் சுத்தமாகும்.

பதவியையும் எண்ணிப் பார்த்தேன். எனக்கு அது விருப்பம், அண்ணா. காலையில் வரம்பில் போகும்போது "விதானை வாறா" என்று பேச்சைக் குறைக்கிறார்கள், அதுவும் விருப்பம். ஆனால் நல்ல தண்ணீரை ஆற்றில் விட்டுவிட்டு அந்தப் பதவியில் இன்னும் ஒரு வருடம் இருந்தால், அந்த வருடம் எனக்கு எதற்கு? அடுத்த தடவை எவருடைய மடையில் கை வைக்கும்போதும் இது நினைவுக்கு வரும்.

ஞாயிறு காலை எட்டு மணி. நீங்கள் வராவிட்டால் பலகையை எடுக்கமாட்டேன். தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அழவும்மாட்டேன், அது உங்களுக்குத் தெரியும்.

அஜந்தா


நாவற்குடா
ஓகஸ்ட் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

கூட்டம் முடிந்ததும் உன்னோடு பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். பேசப் பயமாக இருந்தது. அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

அன்று ஞாயிறு மடையடியில் நின்று சொன்னதைவிட இது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அன்று வாய் குழறினாலும் சொல்லி முடித்தேன். நீ குனிந்து பலகையைத் தூக்கினாய், என் முகத்தைப் பார்க்கவில்லை. அது நல்லது, பார்த்திருந்தால் நான் நின்றிருக்கமாட்டேன். நெல் நன்றாக விளைந்தது. அஹமட்டின் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அந்த ஒரு நாள் தண்ணீர்தான் அது, எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். விதானைப் பதவிக்குக் கை எண்ணினார்கள். உனக்குத் தூக்கியவர்கள் முதலில். அந்த நேரம் நான் தூக்கவில்லை. பிறகு அழகரத்தினத்துக்கு. அவருக்கு எழும்பிய கைகளைப் பார்க்கும்போதே தெரிந்துவிட்டது, அவர் வென்றுவிட்டார். என் கை தேவையே இல்லை. எல்லோரும் தூக்கி முடிந்த பிறகு, கடைசியாக, நானும் தூக்கினேன். நீ பார்த்தாய்.

ஏன் என்று சொல்கிறேன். நீ செய்தது சரி. உன் கண்ணும் காலும் இருக்கும்வரை அது சரியாகவே நடக்கும். ஆனால் எல்லா வட்டையிலும் எல்லாக் காலமும் உன்னைப்போல் ஒருவர் இருக்கமாட்டார். நாளைக்கு வேறு ஒருவர் இதே கணக்கைச் சொல்லித் தன் அண்ணனுக்குத் திறப்பார், அங்கே வாய்க்காலில் மிச்சத் தண்ணீர் இருக்காது. முறைக்கு மூன்று நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கிற விதானைதான் வேண்டும் என்று நான் நம்புகிறேன். என் நெல் விளைந்துவிட்டது என்பதற்காக அந்த நம்பிக்கையை மாற்றினால் நான் விலைக்குப் போனவன்.

நீ கேட்பாய் என்று தெரியும்: அந்த ஒரு கையால் என்ன கூடியது? ஒன்றும் இல்லை, அவர் முதலே வென்றுவிட்டார். என்ன போனது? நீ எனக்கு இல்லாமல் போயிருக்கலாம். உன் கணக்குப்படி நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எனக்கு அது ஏலவில்லை.

நிருஷா என்னோடு பேசுவதில்லை. நீயும் பேசாவிட்டால் அதைத் தாங்கிக்கொள்வேன், கையை மட்டும் திருப்பி எடுக்கமாட்டேன்.

ஜெயரூபன்


உன்னிச்சை
ஓகஸ்ட் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கை தூக்கியதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை. பதவி போனதற்கு இல்லை, உங்கள் கைக்கு.

ஆனால் நீங்கள் எண்ணியது பிழை.

நான் மடையைத் திறந்த நாளில் இருந்து வட்டையில் ஒரு கதை ஓடியது. அது நாவற்குடாவுக்கு வந்திருக்காது, உங்கள் முகத்துக்கு முன்னால் எவர் சொல்வார்? "அண்ணன் தங்கச்சி கூட்டு. சண்டை பிடிச்சதும் நாடகம், பிழையை ஒத்துக்கொண்டதும் நாடகம், மிச்சத் தண்ணியை வீட்டுக்குள்ளேயே பங்கு போட்டாச்சு." தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள், மெசின் பிடித்தவர்கள் சொன்னார்கள். நான் வரம்பில் நடந்தால் பேச்சு நின்றது, முன்பு நின்றதுபோல் இல்லை. எனக்காக எழும்பியிருக்க வேண்டிய கைகள் பல அதனால்தான் போயின. அதற்கு என்னிடம் மருந்து இருக்கவில்லை. எதைச் சொன்னாலும் அதுவும் கூட்டு என்றுதான் ஆகும்.

நீங்கள் எனக்குத் தூக்கியிருந்தால் கதை உறுதியாகியிருக்கும். மடியில் வைத்துக்கொண்டு இருந்திருந்தால் கெட்டிக்கார அண்ணன் என்று இன்னும் ஒரு வரி கூடியிருக்கும். எல்லாம் எண்ணி முடிந்த பிறகு, தேவையே இல்லாத நேரத்தில், எனக்கு எதிராக உங்கள் கை எழும்பியது. எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். இரத்தினம்மா திரும்பி அவர்களிடம் கேட்டா, எல்லோருக்கும் கேட்கக்கூடியதாகத்தான்: "கூட்டு எண்டு சொன்ன வாயெல்லாம் எங்ககா?" கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அழகரத்தினமே கிட்ட வந்து, எந்த வயலில் எத்தனை நாள் நிறையும் என்று தனக்குச் சொல்லித் தர ஏலுமா என்று கேட்டார். சொல்லித் தருவேன் என்றேன்.

மற்ற எல்லாக் கைகளும் சேர்ந்து ஒரு பதவியைத்தான் எடுத்தன, அண்ணா. கடைசியாக எழும்பிய அந்த ஒரு கை என் பெயரைத் திருப்பித் தந்தது. கூடியது என்ன என்று கேட்டீர்கள். இவ்வளவு.

உங்கள் நம்பிக்கையோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. அடுத்த வருடம் மறுபடி பதவி கேட்பேன். அப்போதும் எனக்கு எதிராகத் தூக்க வேண்டும் என்று பட்டால் தூக்குங்கள், முன்வரிசையில் இருந்து தூக்குங்கள். நிருஷா மச்சாளிடம் இந்தக் கடிதத்தை வாசிக்கக் கொடுங்கள், அவ பேசுவா. என் இலக்கத்தையும் திறந்துவிடுங்கள். உங்கள் வாய்க்கால் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கடிதத்தில் விளங்கப்படுத்த ஏலாது.

அஜந்தா